ஒழுகும் வால்வுக்கு மூன்று கம்பி பேஸ்மேக்கர் எந்த அளவு கைகொடுக்கும்?

பலவீனமான இதயத்தின் துடிப்பை ஒருங்கிணைக்கும் மூன்று கம்பி சி.ஆர்.டி. பேஸ்மேக்கர் நல்ல கருவிதான், சரியான ஆளுக்கு வைத்தால். வலது மேலறைக்கு ஒரு கம்பி, வலது கீழறைக்கு ஒன்று, கரோனரி சைனஸ் என்ற இதய நாளம் வழியாக இடது கீழறையின் பக்கச்சுவருக்கு ஒன்று. இரண்டு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்கவைப்பதே வேலை. இடது கிளை அடைப்பு (இடது கீழறைக்கு மின்தூண்டல் தாமதமாகப் போவது), கியூ.ஆர்.எஸ். (இ.சி.ஜி.யில் கீழறைத் துடிப்பைக் காட்டும் அலையின் அகலம்) 150 மில்லி செகண்டுக்கு மேல், இ.எஃப். (ஒரு துடிப்பில் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் விகிதம்) 35 சதவீதத்துக்குள் என்றிருப்பவர்களுக்குப் பலன் அதிகம். ஆனாலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வருவதில்லை.

இங்கே மைட்ரல் வால்வை, அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வை, கவனிக்கவேண்டும். இதயம் விரிந்து, வால்வைத் தாங்கும் தசைகள் முன்பின்னாகச் சுருங்குவதால் வரும் கசிவைக் கருவியே குறைக்கும்: கொஞ்சம் உடனே, மீதி இதயம் சிறுக்கச் சிறுக்க. வால்வின் இதழே கெட்டிருந்தால் கம்பியை நம்பிப் பயனில்லை. இந்த வேறுபாட்டை எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) முன்பே பிரித்துப் பார்க்காமல் கருவி வைப்பது வீண்செலவு.

ஆறு மாதத்தில் இடது கீழறையின் சுருங்குநிலைக் கொள்ளளவு (சுருங்கி முடிந்ததும் உள்ளே மிஞ்சும் ரத்த அளவு) 15 சதவீதமாவது குறையவேண்டும். குறையாமல் கசிவும் நீடித்தால், முதலில் பேஸிங், அதாவது கருவி தூண்டும் துடிப்புகளின் பங்கு, 98 சதவீதத்தை எட்டுகிறதா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ (மேலறையின் ஒழுங்கற்ற துடிப்பு) அதிகப்படித் துடிப்புகளோ அதைக் கெடுக்கின்றனவா, இடது கம்பி இதயத்தின் நுனிப்பக்கம் போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் கசிவு கடுமையாக இருந்தால் மைட்ராகிளிப், அதாவது குழாய் வழியாகப் போய் வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப். 2018இல் வெளிவந்த கோஆப்ட் ஆய்வில், தேர்ந்தெடுத்த 614 நோயாளிகளிடம் மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, மருந்தோடு கிளிப்பும் வைத்த தரப்பில் மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் குறைந்தன.

ஒரு குறை: வலது கீழறைக் கம்பி வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள டிரைகஸ்பிட் வால்வைக் கடந்தே போகிறது, சிலருக்கு அந்த வால்வை ஒழுகவைப்பதே அந்தக் கம்பிதான்.