நான்கு ஆண்டு சாண்டரும் ஒரு ரப்பர் வளையமும்

என் சாண்டரில், அதாவது உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் கை இயந்திரத்தில், இருக்கும் ரப்பர் வளையத்தை மூன்றாவது முறையாக மாற்றி முடித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் நேற்றுதான் கேட்டார்: "டிங்கரிங் வேலையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். உங்களிடம் இருப்பது போல ஒரு சாண்டர் வாங்கட்டுமா?" ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். நேற்று என் காரின் கதவில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு இருந்தது.

125 மி.மீ. தட்டு, எட்டுத் துளை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எல்லாரிடமும் இருக்கும் வகைதான். தட்டு சுழலவும் செய்யும், மையம் விலகி நடுங்கவும் செய்யும். ஆனால் மோட்டார் அதை நேரடியாகச் சுழற்றுவதில்லை. தட்டு ஒரு பேரிங்கில் தன்போக்கில் சுற்றுகிறது. உலோகத்தின் மேல் வைத்து அழுத்தும்போது உராய்வு அதன் வேகத்தை அடக்குகிறது. காற்றில் தூக்கிப் பிடிக்கும்போது அடக்குவதற்கு இருப்பது தட்டின் மேல்விளிம்பில் உரசிக்கொண்டிருக்கும் அந்த வளையம் மட்டுமே. அது தேய்ந்துவிட்டால் தட்டு மோட்டாரின் முழு வேகத்துக்கு ஏறிவிடும். அந்த வேகத்தில் கீழே வைத்த கணத்திலேயே கீறிவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். முன்கதவின் நீளத்துக்கு ஓடும் மடிப்புக் கோட்டில் பட்டி (ஒடுக்கை நிரப்பும் பசை) பார்த்து, நேர்செய்து, பிரைமரும் அடித்து முடித்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த சாண்டரை இறக்கினேன். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. பிரைமர் போய், பட்டி போய், கோட்டின் கூர்முனையில் தகடு பளபளத்தது. ஒரு முழு நாள் வேலை வீணாயிற்று. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் மாற்றுவதற்குப் படம் போட்டிருக்கிறார்கள். இந்த வளையத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேயும் என்று தெரிந்தே வைக்கும் உதிரிபாகத்தைப் பற்றி வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முழு வேகத்தில் ஓடவிட்டுத் தூக்கிப் பிடியுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியும்படி சோம்பலாகச் சுற்றினால் வளையம் நன்றாக இருக்கிறது. கோடு மறைந்து, சத்தமும் கீச்சென்று ஏறினால் மாற்றியாக வேண்டும். அதே கோடு இன்னொன்றுக்கும் உதவும்: தேய்க்கும்போது அது நின்றுவிட்டால் நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். இயந்திரத்தின் எடையே போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அது எதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெயிண்ட் பெயர்ந்த இடத்தின் ஓரத்தைச் சரிவாக்குவதில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆலைப் பூச்சு எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒன்றிரண்டு தலைமுடிகளின் பருமன். அந்த ஓரத்தை 180 நம்பர் தாளில் மெதுவாக நகர்த்தித் தேய்த்தால், அடுக்கு அடுக்காக விரிந்து வருகிறது. நடுவில் தகடு, சுற்றிலும் சாம்பல் நிறப் பிரைமர், அதற்கு வெளியே வண்ணம், கடைசியில் மங்கலான கிளியர் கோட், நிறமில்லாத மேல்பூச்சு. வெட்டிய மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொன்றும் ஒரு விரலகலம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. முன்பு விரல்நுனியில் தாளைச் சுற்றித் தேய்த்த காலத்தில் அங்கே எப்போதும் ஒரு படி மிஞ்சும். பெயிண்ட் அடித்த சில வாரங்களில் அது வட்டத் தடமாக மேலே தெரியும். சாண்டர் வந்த பிறகு அந்தத் தடத்தை நான் பார்க்கவில்லை.

பட்டியை மட்டும் அதனிடம் விடாதீர்கள். ஒடுக்கு விழுந்த இடத்தில் பட்டி போட்டுத் தேய்ப்பதன் நோக்கம் வழவழப்பு அல்ல, சமம். சாண்டரின் மெத்தையான தட்டு பள்ளத்துக்குள் தானும் இறங்கி, பள்ளத்தையே மெருகேற்றும். நீளமான கட்டை அப்படியில்லை. மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம்போல் படுத்து, மேட்டை மட்டும் வெட்டும். 80 நம்பர் தாளைக் கட்டையில் மாட்டி, குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். அதற்கு முன் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து பனிபோல் தூவிவிட்டால், எங்கே கறுப்பு மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். என் கதவில் உள்ளங்கைக்குத் தெரியாத ஒரு பள்ளத்தை அந்தக் கறுப்புதான் காட்டிக்கொடுத்தது.

பட்டி கலப்பதைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர், அதை இறுக வைக்கும் பசை. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால், பின்னால் பெயிண்டின் மேல் கறையாக ஊறி வரும். கையில் நாலைந்து நிமிடம்தான் இருக்கும், கொஞ்சமாகக் கலக்குங்கள். தேய்த்து முடித்த பிறகு பட்டி 3 மி.மீ. கனத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அவ்வளவு வேண்டியிருந்தால் தகட்டை இன்னும் நிமிர்த்தவில்லை என்று அர்த்தம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கவே கூடாது. பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், துரு அடியிலிருந்து கிளம்பும்.

மற்றவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. கார்பன் பிரஷ் ஒரு முறை மாற்றினேன். தாளைத் தட்டோடு ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோ இரண்டு முறை சூட்டில் பிடிப்பை இழந்தது, அது என் அழுத்தத்தால் வந்தது. பேரிங் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது. தூசிப் பை பெயருக்குத்தான். வேக்குவம் இணைத்து, முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு நீளக் கட்டையும் 80, 180, 320 நம்பர் தாள்களும் போதும். முதல் மட்கார்டைக் கையால் நேர்செய்யுங்கள்.

அப்படியானால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். கதவில் திரும்பவும் பட்டி பார்த்து, இன்று மதியம் கட்டையால் சமமாக்கிவிட்டேன். ஓரங்களைச் சரிவாக்கும் வேலை மிச்சமிருக்கிறது. புது வளையத்தோடு சாண்டர் மேசைமேல் இருக்கிறது.