பழைய பத்மினியைப் பட்டறையில் விடுமுன் இதைப் படியுங்கள்

அப்பா 1980-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார். 1,089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங்கை ஒட்டி கியர். அதை இரண்டு வண்ணத்தில், குரோம் மின்ன, கண்காட்சியில் நிறுத்தும் தரத்துக்கு நான்கே மாதத்தில் செய்து தருவதாகக் கோவையில் ஒரு பட்டறைக்காரர் சொன்னார். பேசியது மூன்றரை லட்சம். கைக்கு வந்தது பதினாலு மாதம் கழித்து. அதற்குள் ஐந்து லட்சம் தாண்டிவிட்டது. ஆனாலும் வண்டி அத்தனை அழகு. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார்.

முதல் மழைக்காலத்திலேயே கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்தது. வண்டித் தகடு வேலை செய்யும், தெரிந்த டிங்கர் அண்ணன் ஒருவர் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அங்கே வைத்துப் பார்த்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார்: விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அதற்கடியில் கசக்கித் திணித்த செய்தித்தாள், அதற்கும் அடியில் வெறும் துருத்தூள். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எடையைத் தாங்குகிறது. அந்த இடம் உளுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதில்தான் என் குழந்தைகளை உட்கார வைத்து ஊர் சுற்றினேன்.

அப்புறம் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்கப் போனேன். ஆய்வாளர் எஞ்சினைத் துடைத்து எண்ணைப் பார்த்தார். ஆர்.சி.யில் இருக்கும் எண் அது இல்லை. பட்டறையில் கேட்டால், "பழைய எஞ்சின் பிளாக்கில் விரிசல் சார், அதான் மாத்திட்டோம்" என்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரிசல் விட்ட பிளாக்கையும் காட்டவில்லை. முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தவறு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வண்டிக்காரர்தான், பட்டறை இல்லை.

வண்டியை விடுமுன் எஞ்சின் எண், பாடியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் இரண்டையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயிண்டை உரித்து வெறும் தகடாக நிற்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். பெயிண்டுக்கு முன் பூசும் பிரைமரை அடித்துவிட்டால் எதுவும் தெரியாது. அந்தக் கட்டம் முடியாமல் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். நான் போட்டோவைப் பார்த்தே பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கோவை, திருப்பூர் பக்கம் சமீபத்தில் யாராவது பழைய பத்மினி எஞ்சின் வாங்கியிருந்தால், தயவுசெய்து எண்ணைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அது அப்பாவுடையதாக இருந்தால், நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன்.