பயண வாந்திக்கு ஒன்டான்செட்ரான் ஏன் உதவுவதில்லை?

வாந்தியைத் தூண்டும் சமிக்ஞைகள் குடல், இரத்தம், உட்காது எனப் பல இடங்களிலிருந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்தைச் சென்றடைகின்றன. ஒவ்வொரு மருந்து வகையும் அவற்றுள் சில பாதைகளை மட்டுமே மறிப்பதால், வீரியத்தை மட்டும் வைத்து மருந்துகளைத் தரவரிசைப்படுத்துவதில் பயனில்லை.

இன்று மிகுதியாக எழுதித் தரப்படும் வாந்தித் தடுப்பு மருந்தான ஒன்டான்செட்ரானையே எடுத்துக்கொள்வோம். உடலிலுள்ள செரோட்டோனின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து குடல் சுவரின் செல்களைத் தாக்கும்போது செரோட்டோனின் வெளியேறி, வேகஸ் நரம்பு முனைகளிலுள்ள 5-எச்டி3 என்னும் செரோட்டோனின் ஏற்பிகளைத் தூண்ட, அந்த நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்கிறது. ஒன்டான்செட்ரான் அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் தூக்கக் கலக்கம் தராதது இதன் பெரிய அனுகூலம். தலைவலியும் மலச்சிக்கலும் வரலாம், இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியும் (ஒவ்வொரு துடிப்பின் மின்தூண்டலும் மீட்சியும் எடுக்கும் நேரம்) நீளலாம். பயண வாந்தியிலோ செரோட்டோனினுக்குப் பெரிய பங்கில்லை. அதற்கு இதை விழுங்குவது வீண் என்றே சொல்வேன்.

உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்து வரும் செய்தி ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள்கள் வழியாகப் பரவுவதால், அங்கே பழைய மருந்துகளான புரோமெத்தசினும் ஸ்கோபோலமைனும்தான் கைகொடுக்கின்றன. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மூன்று நாள் வரை வேலை செய்யும். இரண்டுக்கும் விலை, உலர்ந்த வாயும் தூக்கமும்.

மெட்டோகுளோபிரமைடும் டோம்பெரிடோனும் டோபமைன் என்னும் இன்னொரு வேதிப்பொருளின் டி2 ஏற்பிகளை மறித்து, இரைப்பை காலியாவதையும் விரைவுபடுத்துகின்றன. முன்னது மூளைக்குள் எளிதில் நுழைவதால், குறிப்பாக இளவயதினருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும் தசை இறுக்கம் ஏற்படலாம். அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் அதன் பயன்பாட்டை அதிகபட்சம் 5 நாளாகச் சுருக்கியது. டோம்பெரிடோன் இரத்த-மூளைத் தடையைப் பெரிதும் கடப்பதில்லை என்பதால் இந்தத் தொல்லை அதில் குறைவு, ஆனால் இதயத் துடிப்புச் சீர்குலைவு பற்றிய எச்சரிக்கை அதற்கும் உண்டு.

கீமோதெரபிக்கு மறுநாள் தொடங்கிச் சில நாள் நீடிக்கும் தாமத வாந்தியில் சப்ஸ்டன்ஸ் பி என்னும் பொருள் முன்னிலை வகிக்கிறது. அதன் என்கே1 ஏற்பியை அடைக்கும் அப்ரெபிடன்ட் அங்குதான் ஒன்டான்செட்ரானை விஞ்சுகிறது. சிஸ்பிளாட்டின் பெறுவோருக்கு இவ்விரு வகைகளோடு ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனும், பல நேரங்களில் மனநோய் மருந்தான ஓலன்சபினும் சேர்த்தே தரப்படுகின்றன.