பேர்கமோட் மணம்: நுவரெலியாவில் ஏற்றியதா, பூ-ஏரில் ஏற்றியதா?

ஏர்ல் கிரே என்றால் வழக்கமாகக் கறுப்புத் தேயிலையில் பேர்கமோட் எண்ணெய் ஏற்றியதுதான். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும், தோடை இனத்தைச் சேர்ந்த ஒரு பழத்தின் தோலில் எடுக்கிற எண்ணெய் அது. இப்போது அதையே சீனத்து யுன்னானின் பூ-ஏர் தேயிலையிலும் ஏற்றி விற்கிறார்கள். திருகோணமலையில், வீட்டுக் குசினியில், நுவரெலியாக் கறுப்புத் தேயிலையில் ஏற்றியதையும் பூ-ஏரில் ஏற்றியதையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தோம்.

நுவரெலியாத் தேயிலையில் மணம் மேலேயே நிற்கிறது. கோப்பை வாய்க்கு வருமுன்பே மூக்குக்கு வந்துவிடும். 3 நிமிடம் ஊறினால் போதும், விட்டால் கயர்க்கும். தேசிக்காய் பிழிந்த பிளேன்ரீ குடித்து வளர்ந்த நாக்குக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

பழுத்த பூ-ஏர் வேறு சாதி. 1973இல் யுன்னானின் குன்மிங் நகரில் உருவான முறைப்படி இலையை நனைத்துக் குவித்து, வாரக்கணக்கில் நுண்ணுயிர்களிடம் விட்டுவிடுகிறார்கள். துவர்ப்பு அடங்கி, மண்வாசமும் வழவழப்பும் வருகிறது. மச்சாள் முகர்ந்துவிட்டு, "இதென்னப்பா, பூட்டிக் கிடந்த வீட்டு மணம்" என்றாள். ஆனாலும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

சிக்கல் ஊற்றுவதில்தான். பூ-ஏர் குடிப்பவர்கள் முதல் கொதிநீரைச் சில வினாடிகளில் கொட்டிவிடுவார்கள். இதில் அப்படிச் செய்தால், காசு கொடுத்து வாங்கிய எண்ணெயில் ஒரு பங்கு தொட்டிக்குள் போகும். கொட்டாமல் குடித்தாலோ, முதல் கோப்பையில் மண்வாசமும் பேர்கமோட்டும் சண்டை பிடிக்கின்றன. இரண்டாவதில் சமாதானம், அதுதான் நல்ல கோப்பை. மூன்றாவதில் பேர்கமோட்டைத் தேட வேண்டும். வெறும் பூ-ஏர்தான், அதுவும் நன்றாகவே இருந்தது. அப்படியென்றால் எண்ணெய் எதற்கு? மணம்தான் வேண்டுமென்றால் எனக்கு நுவரெலியாதான்.

வைத்துப் பாதுகாப்பதும் வில்லங்கம். பூ-ஏருக்குக் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும், எண்ணெய்க்கு இறுக்கமான மூடி வேண்டும். மார்கழியில் உப்பே கசிகிற எங்கள் ஊரில் திறந்து வைத்தால் பூஞ்சணம்தான். எனவே மூடி வைத்துச் சீக்கிரம் குடித்து முடிப்பதுதான் சரி.

ஆனால் பால்மா போட்டால் கணக்கு மாறுகிறது. நுவரெலியாவின் மென்மை பாலுக்குள் காணாமல் போகிறது; பூ-ஏர் அசையாமல் நிற்கிறது. பால் வேண்டாதவர்கள் சீனியை விட்டுவிட்டு, பனங்கட்டியைக் கடித்தபடி பூ-ஏரைக் குடித்துப் பாருங்கள். அந்த மண்வாசத்துக்குப் பேர்கமோட்டை விடப் பனங்கட்டிதான் பொருத்தம்.