சிஸ்டர்மாரின் நேர்சரியில் இரண்டு வருடம்

மகள் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கச் சிஸ்டர்மார் நடத்தும் ஒரு நேர்சரியில் இரண்டாவது வருடத்தை முடிக்கப்போகிறாள். நாங்கள் சைவம். ஜனவரியில் மகனையும் அங்கேதான் சேர்க்கிறோம் என்று தெரிந்ததும் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் விசாரித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கும் அதே கேற்றடியில்தான் நிற்க வேண்டும்.

எல்லாரும் முதலில் கேட்பது, "பிள்ளையை வேதத்துக்கு மாத்திப்போடுவினமோ?" வேதம் என்றால் இங்கே கிறிஸ்தவம். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். முதல் மாதமே ஒரு இரவு புட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மகள் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று தொட்டு, கைகூப்பி ஏதோ முணுமுணுத்தாள். "தம்பி, இஞ்ச ஓடி வா, பிள்ளை என்னவோ செய்யுது" என்று அம்மா கூப்பிட்டார்.

செபம் சொல்லிக் கொடுக்கிறார்கள்தான். சிலுவை அடையாளம், சாப்பாட்டுக்கு முன் நன்றி, 'அருள் நிறைந்த மரியே' பாதி வரை. கதைகளில் உலகப் படைப்பு, நோவாவின் பெட்டகம், பெத்லகேம் தொழுவம். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் சும்மா இருந்தால் போதும் என்று சிஸ்டர் சேர்க்கும்போதே சொன்னார். ஆனால் நாலு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளை செய்வதைச் செய்யாமல் இருக்குமா? அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை முடித்துவைத்தது விபூதிப் புதன். போன வருடக் குருத்து ஞாயிற்று ஓலைகளை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை போடும் நாள் அது. டீச்சர்மாரின் நெற்றியைப் பார்த்து மகள் காரணம் கேட்டிருக்கிறாள், அவர்களும் விளக்கியிருக்கிறார்கள். அன்று பின்னேரம் அம்மா விளக்கு வைத்துத் திருநீறு பூசும்போது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "அப்பம்மா, உங்களுக்கு எல்லா நாளும் விபூதிப் புதனா?" என்றாள். அம்மா அதை இரண்டு நாள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியும் முதலாம் வகுப்பில் அவரவர் சமயம் ஒரு பாடம், அவளுக்கு அங்கே சைவநெறி வரும்.

சமயப் பாடத்திலேயே எனக்குப் பிடித்தது நல்ல ஆயன், தொலைந்த ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பரின் கதை. பலகையில் செய்த சின்ன ஆட்டுப்பட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஆடுகள், ஒரு மேய்ப்பர். ஒரு ஆட்டைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். பிள்ளைகள் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து, தேடிக் கொண்டுவந்து பட்டிக்குள் விட வேண்டும். கணக்கும் வேதமும் ஒரே ஆட்டில் முடிந்துவிடுகிறது. ரோமில் சோஃபியா கவலெத்தி என்ற விவிலிய அறிஞர் 1954இல் தொடங்கிய முறை என்று சிஸ்டர் சொன்னார்.

டிசம்பரில் வைக்கோல். பாலன் குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்தும் முன்னணை வெறுமையாக இருக்கும். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் வைக்கலாம், குழந்தை வரும்போது மெத்தையாக இருக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால் என் மகள் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னால் "அதுக்கு வைக்கோல் இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினாள்.

சமயத்தை விடுங்கள், அங்கே பெரும்பாலான நேரம் போவது கை வேலையில். பாயை விரிப்பது, சுருட்டி அதே இடத்தில் வைப்பது, கதிரையைச் சத்தமில்லாமல் தூக்கி வைப்பது, ஒரு ஜக்கில் இருந்து மற்ற ஜக்குக்குப் பயறு ஊற்றுவது, பழகியபின் தண்ணீர். சிந்தினால் யாரும் ஏசுவதில்லை, துணி எங்கே தொங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். எல்லாம் மொன்டிசோரி அம்மையாரின் வழி. 1907இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்த அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து 30 விரிவுரைகள் நடத்தியிருக்கிறார்.

பெற்றோருக்கான நாளில் 'மௌன விளையாட்டு' பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடி அசையாமல் இருக்க, டீச்சர் கதவடியில் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை பூனை மாதிரி எழும்பிப் போக வேண்டும். ஏழெட்டுப் பேர் போயிருப்பார்கள், வீதியில் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பாட்டோடு வந்தது. ஒரு பொடியன் கண்ணைத் திறக்காமலே "மாலு பாண்" என்றான். முதலில் சிரித்தது சிஸ்டர்தான்.

சரி, குறைகள். முதல் வருடம் இப்படி இருந்த இடம் இரண்டாம் வருடம் மாறிவிடுகிறது. முதலாம் வகுப்பு அனுமதி என்ற பயம் பெற்றோரிடம் இருந்து டீச்சருக்குத் தொற்றி, பயற்றையும் பாயையும் ஓரம் தள்ளிவிட்டுப் பென்சிலைப் பிடிக்கவைக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க ஆங்கில 'பி' (b), அடுத்த பக்கம் முழுக்க 'டி' (d). மகள் இரண்டையும் மாற்றி எழுதி அழுதாள். நத்தார் கொன்சர்ட் உடுப்புக்கு 6,000 ரூபா கேட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது மூன்றாவது ஆடு. பதினொன்றரைக்கு வேன்களும் ஓட்டோக்களும் அந்த ஒடுக்கமான வீதியில் மாட்டிக்கொள்வதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எனக்கு உண்மையான மனக்குறை தமிழ். செபம் தமிழில், எழுத்து ஆங்கிலத்தில். விஜயதசமிக்குப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் ஐயர் விரல் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைத்த பிள்ளை இவள். நேர்சரியில் சாண்ட் பேப்பரில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தை அதே விரலால் தடவுகிறாள், ஆனால் அது 'ஏ'. ஆங்கில உயிரெழுத்துகள் நீல அட்டையில், மற்றவை இளஞ்சிவப்பில். தமிழில் இல்லையா என்று கேட்டேன். வாங்கக் கிடைப்பதில்லை என்றார் சிஸ்டர்.

நான் வேலை செய்வது பழைய சோனகத் தெருவில், ஹார்ட்வெயார் கடையில். சாண்ட் பேப்பருக்கா பஞ்சம்? 120ஆம் நம்பர் தாள் சின்ன விரலுக்குச் சரியாக இருந்தது. இரவில் நான் வெட்ட, மனைவி ஒட்டினார். 'இ' இரண்டு தாளை நாசமாக்கியது, 'ஐ' அதைவிட மோசம். உயிர் பன்னிரண்டும் நீல அட்டையில் முடித்துக் கொண்டுபோனேன். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அன்றைக்கே தட்டில் அடுக்கிவிட்டார். மெய் பதினெட்டும் இளஞ்சிவப்பில் வெட்டியாகிறது. 'ஃ'தான் மிச்சம். அது உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, எந்த நிறத்தில் ஒட்டுவது என்று சிஸ்டரைக் கேட்டேன். அவருக்கும் பிடிபடவில்லை. மகள் மஞ்சள் என்கிறாள்.