துளிப் படங்களுக்கு எந்த லென்ஸ்? ரிவர்ஸ் ரிங், டியூப், மேக்ரோ, ரேநாக்ஸ்

வீட்டில் பால் துளியையும் நீர்த்துளியையும் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கருவி எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதுதான். துளி விழும் தட்டுக்கும் லென்ஸின் முகப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள் என்பேன். 55-250 ஜூம் லென்ஸின் முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் டிசிஆர்-150 குளோஸ்-அப் லென்ஸை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகவே.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங் மிக மலிவு, மிக அருகில் எடுப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ் மிக அதிகம், டியூபும் ரேநாக்ஸும் நடுவில்.

ரிவர்ஸ் ரிங்கில் 50 எம்.எம். லென்ஸைத் திருப்பி மாட்டினால் அசாத்தியமான கூர்மை கிடைக்கும். ஆனால் துளிக்குப் பத்து சென்டிமீட்டருக்குள் நெருங்க வேண்டும். அப்போது பாலை நோக்கி நிற்பது லென்ஸின் பின்பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஃபில்டர் போட்டுக் காக்கவும் எளிதில் வழியில்லை. காய்ந்த பாலின் கொழுப்புப் படலம் லேசில் போகாது. துளியைப் பொறுத்தவரை இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். அதில் கண்ணாடியே இல்லாததால் படத்தின் தரம் கெடாது. 50 எம்.எம். லென்ஸுக்கு 25 எம்.எம். டியூப் போட்டால் பாதி அளவு உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் விழும் உருவம் பொருளில் பாதி. டியூபைக் கூட்டக் கூட்ட இடைவெளி சுருங்கும், ஒளியும் குறையும். 1:1 அளவில், அதாவது உருவமும் பொருளும் ஒரே அளவாகும்போது, இரண்டு ஸ்டாப் போய்விடும்; நாலில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். இந்த இழப்பு துளிப் படத்தில் வலிக்கும். துளியை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, பிளாஷ். 1957இல் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் எட்ஜர்டன் எடுத்த, பால் தெறித்து மகுடம்போல் எழும் படமும் மின்னல் போன்ற ஒளித்துடிப்பில் பிறந்ததுதான். பிளாஷைக் குறைந்த சக்தியில், 1/32 அல்லது 1/64இல், வைத்தால்தான் துடிப்பு போதிய அளவு சுருங்கும். எஃப்/11 என்ற சிறிய லென்ஸ் துளையில் அந்தச் சிறிய ஒளியை வீணாக்க முடியாது. இலை நுனியில் அசையாமல் நிற்கும் துளியென்றால் தெறிப்பு கிடையாது. அதற்கு டியூபே போதும்.

ரேநாக்ஸ் 150இன் திறன் 4.8 டயாப்டர் (குளோஸ்-அப் லென்ஸின் வலிமையின் அளவு; அது கூடினால் இடைவெளி குறையும்). ஜூமின் ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் துளி ஏறக்குறைய 21 செ.மீ. தள்ளி இருக்கும். ஒளி இழப்பு இல்லை. ஜூமை மாற்றினாலே 100 எம்.எம்.இல் சுமார் பாதி அளவும், 250இல் 1.2 மடங்கும் கிடைக்கின்றன. ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் பாதி அளவு என்பது நாலரை சென்டிமீட்டர் அகலக் காட்சி. விரிந்த மகுடம் முழுவதும் அதில் அடங்கும். 1:1 போனால் ஓரங்கள் வெட்டுப்படும். மிச்சமிருக்கும் இடத்தில் பிளாஷைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். அப்படியும் ஒரு துளி வந்து ஒட்டினால் ரேநாக்ஸைக் கழற்றித் துடைத்தால் போதும், ஜூமுக்கு ஒன்றும் ஆகாது. குறையும் உண்டு: ஜூமை மிகவும் குறைத்தால் மூலைகள் இருண்டுவிடும், துளையை அகலத் திறந்தால் ஓரக் கூர்மை தளரும்.

100 எம்.எம். மேக்ரோவை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிச் சிறிது நேரம் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி அழுத்தமாகப் பேச எனக்குத் தகுதியில்லை. பாதி அளவில் அதிலும் இடைவெளி தாராளம், ஓரம் வரை கூர்மை. பூச்சிகளையும் தொடர்ந்து எடுக்கிறவர்களுக்கு அந்தச் செலவு நியாயமாகப் படலாம். துளிக்காக மட்டும் என்றால் நான் வாங்க மாட்டேன்.

ரேநாக்ஸ் வாங்கும்போது 250 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 8 டயாப்டர், இடைவெளி 12.5 செ.மீ.க்கு இறங்கிவிடும். தெறிப்பு எட்டாத தொலைவுக்கு 150தான்.