உச்சியில் நிரப்பாத பற்றரி: நுவரெலியாவில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட்டுடன் ஆறு ஆண்டுகள்

எங்கள் வீடு நுவரெலியா நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. நான் தலவாக்கலையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மகளும் அங்கேயே படித்ததால் காலையில் இருவரும் சேர்ந்து இறங்கி மாலையில் சேர்ந்தே ஏறி வருவது வழக்கம். ஒரு வழிக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். தூரத்தைக் கேட்பவர்கள் இது பெரிய பயணம் இல்லை என்பார்கள். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலும் தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்திலும் இருப்பதால், ஒவ்வொரு நாளும் இரண்டு தொன் எடையுள்ள ஒரு வாகனத்தை 670 மீற்றர் கீழே இறக்கி மறுபடியும் மேலே ஏற்றுகிறோம். மலைநாட்டில் பிளக்-இன் ஹைபிரிட், அதாவது வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யும் பற்றரியும் பெற்றோல் இயந்திரமும் சேர்ந்த வாகனம், வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த உயரத்தைத்தான் என்பதே என் ஆறு ஆண்டு அனுபவம்.

2019 ஓகஸ்டில், 2015 இல் ஜப்பானில் தயாரான மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் ஒன்றை, இங்கே ஏற்கெனவே ஒருவர் பாவித்த நிலையில் வாங்கினோம். 12 கிலோவாட் மணி பற்றரி, முன்னும் பின்னும் ஒவ்வொரு மின்மோட்டார், 2 லீற்றர் பெற்றோல் இயந்திரம், 45 லீற்றர் தாங்கி என்பன அதன் அடிப்படை விபரங்கள். இன்றுவரை எங்கள் கையில் 75,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது.

அப்போது எங்கள் முன் வேறு இரண்டு வழிகளும் இருந்தன. முழு மின்சாரக் காரான நிசான் லீஃப் விலையில் கவர்ச்சியாக இருந்தது. ஆனால் மாமியாரை மாதம் இருமுறை கண்டிக்குக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும், திரும்பும் வழியில் கம்பளைக்கு மேல் பற்றரி தீர்ந்தால் அந்த வயதில் அவரை எங்கே உட்கார வைப்பது என்ற பயம் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. சாதாரண ஹைபிரிட் கார்கள் மலைநாட்டில் ஏராளம், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஏராளம். ஆனால் அவற்றின் பற்றரி மிகச் சிறியது. பிரியஸின் வழக்கமான ஹைபிரிட் வகையிலேயே 1.3 கிலோவாட் மணிதான், அதிலும் ஒரு பகுதியைத்தான் வாகனம் பயன்படுத்தும். இறக்கத்தில் மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி, வேகத்தைப் பிடித்தபடி பற்றரியை நிரப்பும். நுவரெலியாவிலிருந்து நானுஓயாவைத் தாண்டும் முன்பே அந்தச் சிறு பற்றரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு இறக்கத்தில் கிடைக்கும் சக்தி பிரேக்கிலும் இயந்திரத்திலும் வீணாகும்.

வகுப்பில் நிலைச்சக்தி கற்பிக்கும்போது இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவேன். 2000 கிலோகிராம் எடை 670 மீற்றர் இறங்கும்போது மூன்றரைக்குச் சற்று மேற்பட்ட கிலோவாட் மணி சக்தி விடுபடுகிறது. ஒரு கிலோவாட் மணி என்பது மின்பட்டியலில் ஓர் அலகு. அதில் பாதிக்கு மேல் சில்லுகளின் உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் போய்விடும், எஞ்சியதிலும் மாற்றத்தில் இழப்பு உண்டு. ஆகவே தலவாக்கலையில் இறங்கும்போது எங்கள் பற்றரிக்குள் திரும்பி வருவது ஏறத்தாழ ஓர் அலகு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் முப்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு புறப்பட்டதைவிடக் கூடுதலான மின்சாரத்துடன் நிற்பதை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சி கிடைக்கச் சில மாதங்கள் பிடித்தன, ஏனென்றால் நாங்கள் தொடக்கத்தில் செய்தது தவறு. எல்லோரும் செய்வதுபோல இரவு முழுவதும் சார்ஜில் போட்டு, காலையில் நிரம்பிய பற்றரியுடன் இறங்கினோம். நிரம்பிய பற்றரி மேலும் மின்சாரத்தை ஏற்காது. இந்த வாகனத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறு நெம்புகளால், மோட்டார் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வலிமையைப் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை கூட்டிக் குறைக்கலாம். நிரம்பிய நிலையில் ஐந்தில் வைத்தாலும் அந்தப் பிடிப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது. லிந்துலைக்கு வருவதற்குள் பிரேக் சூடேறிய வாடை உள்ளே வந்தது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை குறுக்கு வீதியில் நடந்த பேருந்து விபத்தில் ஏழு உயிர்கள் போனதை அறிந்தவர்கள், மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பியே வருவது எவ்வளவு பாரதூரமானது என்பதை உணர்வார்கள்.

இப்போது நாங்கள் உச்சியில் பற்றரியை நிரப்புவதில்லை. வாகனத்தில் இருக்கும் நேரக்கட்டுப்பாட்டை அமைத்து, முழுதாக நிரம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நிற்கும்படி செய்துவிடுகிறோம். ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கும் பற்றரி முதல் வளைவிலிருந்தே வாகனத்தை உறுதியாகப் பிடித்து இறக்குகிறது, பிரேக்கில் கால் படுவது அபூர்வம். இதே காரணத்தால், கண்டியிலோ மாத்தளையிலோ இருந்துகொண்டு மேலே வந்துபோகும் குடும்பத்துக்கு என் பழக்கம் பொருந்தாது. அவர்கள் வீட்டில் முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு ஏற்றம்தான் முதலில் வருகிறது.

கண்டிப் பயணத்தில் இன்னொன்றைக் கற்றுக்கொண்டோம். ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1400 மீற்றர் கீழே போகிறோம். பாதிப் பற்றரியுடன் புறப்பட்டால் கம்பளையில் முக்கால் பங்குக்கு அருகில் வந்துவிடும். பேராதனை நெரிசலில் பெற்றோல் ஒரு துளியும் செலவாகாது. திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். அந்த ஏற்றத்தை மின்சாரத்தால் மட்டும் முடிக்க இந்தப் பற்றரி போதாது, பெற்றோல் இயந்திரம் கட்டாயம் ஓடும். பற்றரியைக் கம்பளைச் சமவெளியிலேயே தீர்த்துவிட்டு ரம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு வந்தால், வேகம் குறைந்த அந்த ஏற்றத்தில் இயந்திரம் மின்பிறப்பாக்கியாக மட்டுமே இயங்கி, உரத்துச் சத்தமிட்டு, பஸ்ஸை முந்தும் அளவுக்கு வலுவின்றித் திணறும். அதனால் கம்பளையிலேயே பற்றரியைச் சேமித்து வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ரம்பொடையில் அதை விடுவிக்கிறேன். சேமித்த மின்சாரமும் இயந்திரமும் சேர்ந்து இழுக்கும்போது, நிறைந்த வண்டியும் வளைவுகளில் தயங்காமல் ஏறுகிறது.

வீட்டு மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநாட்டு வீடுகளின் வயரிங் பழையது. முதல் வாரத்தில் சமையலறைச் சுவரில் இருந்த பழைய வட்டப் பிளக்கில் செருகினோம். மூன்றாம் நாள் அந்தப் பிளக் உருகிக் கறுத்துப் போயிருந்தது. மணிக்கணக்கில் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் ஒரு சாதனத்துக்காக அந்த இணைப்புச் செய்யப்படவில்லை. எங்கள் வயரிங் பாஸ் வந்து பார்த்து, "டீச்சர், இதுக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுக்காம நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், புதிதாக அடித்த எர்த் கம்பி எல்லாம் செய்த பிறகு ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. வாகனத்தின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமழை வரும் மாலைகளில் வயரைக் கழற்றி வைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாதம் ஏறத்தாழ 140 அலகுகள் வாகனத்துக்கே போகின்றன. வீட்டுப் பாவனையுடன் சேரும்போது மாதம் 180 அலகுகளைத் தாண்டி, வீட்டு மின்கட்டணத்தில் மிக உயர்ந்த படிக்குப் போய்விடுகிறோம். அந்தப் படியின் விலையில் கணக்கிட்டாலும், 2025 இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் அளவில் நின்றபோது எங்கள் அன்றாடப் பயணத்தின் செலவு பெற்றோல் காரின் செலவில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவாகும் நேரக் கட்டண முறைக்கு மாற முடிந்தவர்களுக்கு இன்னும் மிச்சமாகும்.

2022 ஐ மறக்க முடியாது. ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அயலவர்கள் நிரப்பு நிலையத்தின் முன் வாகனத்திலேயே இரவுகளைக் கழித்தார்கள். பின்னர் கியூஆர் முறை வந்து கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, எங்கள் பங்கில் பெரும்பகுதியை அவசரத்துக்கென்று தாங்கியிலேயே வைத்திருக்க முடிந்தது. இரண்டு முறை அயல் வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது அந்தப் பெற்றோலில்தான். அதற்கு முன், மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், ஜப்பானிய வகைகளில் வரும் 1500 வாட் மின்வெளியீடு எங்களுக்குக் கைகொடுத்தது. அது 100 வோல்ற்று என்பதால் நம் சாதனங்களை நேரடியாகச் செருகக்கூடாது. வோல்ற்றளவை உயர்த்தும் மாற்றி ஒன்று வாங்கி, அதன் மூலம் மாமியாரின் நெபுலைசரை இயக்கினோம். அன்று அவர் மூச்சு சீராகி உறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த வாகனத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அதன்பின் ஒரு கேள்வியும் எழவில்லை.

குறைகளையும் சொல்கிறேன். எங்கள் வண்டியில் மின்சூடாக்கி இல்லை. ஜனவரிக் குளிரில் சூட்டைப் போட்டால் பெற்றோல் இயந்திரம் உடனே விழித்துவிடும். மூன்றாவது இருக்கை வரிசை கிடையாது, ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பத்துக்கு இது பொருந்தாது. திரை முழுவதும் ஜப்பானிய எழுத்து. பிரேக்கை அதிகம் பாவிக்காததால், நம் ஈரக் காற்றில் அதன் தட்டுகளில் துரு பிடிக்கிறது. ஒவ்வொரு சேர்விஸிலும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகப் போகும்போது எழுப்பும் சத்தமும் மிகச் சிறியது. மூடுபனியில் கொழுந்து பறித்துவிட்டு வீதியோரம் வரிசையாக வரும் பெண்களுக்கு அது கேட்பதில்லை, ஆகவே தோட்டத்து லயன் குடியிருப்புகளைக் கடக்கும்போது நடை வேகத்துக்குக் குறைத்து, விளக்கை அணைத்துப் போட்டுச் சைகை காட்டியே போகிறேன்.

மழையில் களிமண்ணாகும் தோட்டத்துப் பாதைகளில் இதன் நான்கு சில்லுகளும் இழுப்பது பெரும் பலம். கொழுந்து லொறிக்கு வழிவிடப் பின்னால் ஏற வேண்டி வந்தாலும் சில்லு சுழன்று நிற்பதில்லை.

2023 இல் ஒரு நாள் எச்சரிக்கை விளக்குகள் பல ஒன்றாக எரிந்தன. நாங்கள் கொண்டுபோன கராஜில், பெரிய பற்றரி முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த விலையில் ஒரு சிறு காரே வாங்கலாம். மனம் ஒப்பாமல் வேறோர் இடத்தில் கலங்களின் வோல்ற்றளவை ஒவ்வொன்றாக அளக்கச் செய்தோம். எண்பது கலங்களும் ஒரே சீராக இருந்தன. பழுதானது சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ற்று சிறு பற்றரி மட்டுமே. பழைய பிளக்-இன் வாங்குபவர்கள் ஓடிய கிலோமீற்றரை நம்பாமல், வாகனத்தின் கணினியிலிருந்து பற்றரியின் கொள்ளளவை அம்பியர் மணியில் வாசித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். இந்த வகை புதிதாக இருக்கும்போது 40; நாங்கள் வாங்கிய நாளில் 34; இப்போது 28. வெப்பத்தில் பற்றரி விரைவாக முதுமையடையும் என்பதால், ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகளில் மலைநாட்டில் ஓடியதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் பலர் எங்களிடம் வந்து கேட்கிறார்கள். பிவைடி சீலயன் 6 போன்ற புதிய வண்டிகளில் 18 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட பற்றரி இருப்பதால் எங்கள் பயணம் அவற்றுக்கு எளிது. ஆனால் அது முன்சில்லுகளால் மட்டும் இழுக்கப்படும் வகையா என்பதையும், இறக்கத்தில் பிடிப்பை நாமே கூட்டிக் குறைக்க முடியுமா என்பதையும், சார்ஜை இடையில் நிறுத்த வழி உண்டா என்பதையும் தங்கள் வீட்டு வீதியிலேயே ஓட்டிப் பார்த்து அறிய வேண்டும். கொழும்பில் ஓட்டிப் பார்த்து இவற்றைத் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டில் சார்ஜ் செய்ய இடமில்லாதவர்களுக்கு நான் பிளக்-இன்னைப் பரிந்துரைக்க மாட்டேன். பற்றரியின் எடையைச் சுமந்துகொண்டு பெற்றோலில் ஏறுவதில் பயனில்லை.

மாலையில் ஏறி வரும்போது இயந்திரம் எந்த இடத்தில் விழிக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். 2019 இல் வீட்டு வாசல் வரை அது விழித்ததில்லை. 2022 இல் நுவரெலியாவுக்குச் சற்றுக் கீழே உள்ள பிளக்பூலைத் தாண்டியதும் விழித்தது. இந்த ஆண்டு அதற்கும் கீழே நானுஓயாவில் விழிக்கிறது. இன்னும் கீழே லிந்துலையிலேயே விழிக்கத் தொடங்கும் நாளில் புதிய பற்றரிக்கு விலை கேட்பது என்று நானும் கணவரும் தீர்மானித்திருக்கிறோம்.